கதவருகே நிற்கும் வாசகர்

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் வசிக்கிறேன். வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பல ஆண்டுகளாக அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். 'செவரன்ஸ்' இரண்டாம் சீசனுக்கு நான் எழுதிய நீண்ட விமர்சனத்தைப் பலரும் பாராட்டினார்கள். தமிழ் காமிக்ஸ் சேகரிப்பும் உண்டு. தானே புயலில் ஓடு பறந்தபோது அப்பா நனையாமல் காப்பாற்றிய முத்து காமிக்ஸ் இதழ்கள்தான் அதன் பெருமை. ஆனால் என் மனைவி, "பொம்மைப் புத்தகத்துக்கு இருக்கிற நேரம் வீட்டுக்கு இல்லை" என்று குத்திக்காட்டுகிறாள். இரவு எட்டரையிலிருந்து பதினொன்று வரைதான் எனக்கென்று கிடைக்கும் நேரம். அப்போதும் 69 வயதாகும் அப்பா கதவருகே வந்து, "இன்னிக்கு என்ன கதை?" என்பார். அவருக்குப் புரியாது என்பதால், அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். இது சிறுபிள்ளைத்தனம் அல்ல என்று மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மனைவிக்குப் புரியவைப்பது எப்படி என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன, கிரிக்கெட், புறா, மீன்தொட்டி, பழைய ரேடியோ என்று பொருள் மட்டும் மாறும். அறிவியல் புனைகதை சிறுபிள்ளைத்தனமா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. அல்ல, அவ்வளவுதான். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்தக் கதவருகில் நான் நின்றுவிட்டேன்.

அவருக்குப் புரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது உங்கள் அப்பாவுக்குப் பதினைந்து பதினாறு வயது இருந்திருக்கும். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான்; உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோக, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில், ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியரின் கைவண்ணத்தில் தொடங்கிய கதை அது. அதைத் தமிழில் படித்து, கை மறையாததன் நியாயத்தையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்த மனிதருக்கு, 'செவரன்ஸ்' கதையில் மூளையில் ஒரு மின்னணுச் சில்லைப் பதித்து அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் தனித்தனியே பிரித்துவிடுகிறார்கள் என்பது புரியாதா? உங்களுக்கு முன்பே இந்தத் துறைக்கு வந்தவர் அவர், தம்பி.

செவரன்ஸ் தொடரில் நான் முதல் சீசனை மட்டுமே பார்த்தவள். அதுவும் என் அக்காள் மகனின் வற்புறுத்தலால். ஒரு காட்சி இன்னும் மறக்கவில்லை. வெளியுலகில் தான் யார், தனக்கு மனைவி மக்கள் உண்டா என்பதுகூடத் தெரியாமல் அலுவலகத்துக்குள்ளேயே வாழும் ஒருவனை ஓர் அறையில் உட்காரவைத்து, வெளியே இருக்கும் அவனைப் பற்றி ஒரு பெண் நாலு வரி வாசித்துக் காட்டுவாள். அந்த நாலு வரியை அவன் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல் வாங்கிக்கொள்வான். இந்தத் தொடரைப் பற்றி முகம் தெரியாதவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், கதவருகே நின்று கேட்டவருக்கு அந்த நாலு வரியைக்கூடக் கொடுக்கவில்லை. 'அப்புறம்' என்று சொல்லியிருக்கிறீர்கள். பதினொரு மணிக்கு மேல், அறுபத்தொன்பது வயதில், எந்த அப்புறத்துக்காக அவர் விழித்திருப்பார்?

தானே புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேல் ஓடு இல்லாத வீட்டில் ஒரு குடும்பத் தலைவர் எதை முதலில் தூக்குவார்? வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, இருக்கிற இரண்டு நகை. அவற்றோடு உங்கள் அப்பா காமிக்ஸ் இதழ்களையும் தூக்கியிருக்கிறார். அதை நீங்கள் 'என் சேகரிப்பு' என்கிறீர்கள். அந்த இதழ்களின் முதல் பக்கத்தை ஒருமுறை திறந்து, மங்கிய மையில் ஏதாவது பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றவருக்கு வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுப்பது கடமையில் பாதிதான். அவரோடு பேசுவது மறுபாதி என்பது என் கட்சி, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்காக விமர்சனம் எழுதுவதை நிறுத்தும்படி சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்து, உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போடுங்கள். ஆங்கில வசனத்தின் வேகம் அவருக்குத் தடையாக இருக்கலாம். அவர் கேட்கும் இடத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். சிவகாசியில் யாரோ உட்கார்ந்து தமிழில் எழுதியிராவிட்டால் மாயாவி உங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டான். ஒரு மணி நேர எபிசோட் இரண்டு மணி நேரம் ஓடும், ஓடட்டும். சொல்லும்போது உங்கள் நாக்கு எங்கே தடுமாறுகிறதோ, அங்கே ஒன்று கதையில் ஓட்டை இருக்கும், இல்லையென்றால் உங்கள் புரிதலில் இருக்கும். எழுதுவதற்கு முன் அது தெரிந்துவிடுவது விமர்சகருக்கு லாபம்தானே.

மனைவியைப் பற்றிய கேள்விக்கு இப்போது பதில் இல்லை. அந்த எட்டரை மணிக்கு, நீங்கள் கதவைச் சாத்திய பிறகு, உங்கள் அப்பாவுக்கு யார் சாப்பாடு எடுத்து வைக்கிறார்கள், சாப்பிடும்போது அவர் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் எழுதுங்கள்.