ப்ளஸ் ஒன் பையன் “ஸ்கூல் பிடிக்கல” என்றால்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் 500க்கு 467 எடுத்த பையன், பயோ-மேத்ஸ் குரூப்பில் சேர்ந்து ஒன்றரை மாதத்தில் “ஸ்கூல் பிடிக்கல” என்கிறான். செல்போன்தான் கெடுத்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். செல்போனுக்கு அப்புறம் வருகிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் எது பிடிக்கவில்லை என்று கேட்டால், பாடம் என்று சொல்பவர்கள் குறைவு. பி.டி. பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொண்டார் என்பார்கள். டெஸ்ட் மார்க்கை எல்லார் முன்னாலும் வாசித்தார்கள் என்பார்கள். மார்க் பார்த்து செக்‌ஷன் பிரித்ததில் கூட்டாளி வேறு வகுப்புக்குப் போய்விட்டான் என்று கண் கலங்கியவனும் உண்டு. ‘மெல்லக் கற்போர்’ என்பது ஆசிரியர்களின் பதிவேட்டுச் சொல்தான், ஆனால் அந்தப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது வகுப்புக்கே தெரியும். ஒரு பெண் சொன்னாள்: “டவுட் கேட்டா, அப்ப நீ கவனிக்கலையான்னு கேக்கறாங்க மேடம். அதான் கேக்கறதே இல்ல.” சரி, ஒரு வாரம் லீவு விட்டால் சந்தோஷமா என்றேன். “ஐயோ, ஃப்ரெண்ட்ஸைப் பாக்க முடியாதே!” என்றாள்.

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காலை 7.30க்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை 6.30க்குத்தான் விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நீட் கோச்சிங். ஒரு நாளைக்கு 11 மணி நேரம் அம்மா! பெரியவர்கள் என்றால் ஓவர்டைம் கேட்டிருப்போம். வீடு வந்து குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்தபின் அவனுக்கென்று மிஞ்சுகிற அரை மணி நேரத்தில் வேறு என்னதான் செய்வான்? அந்தச் செல்போனைப் பிடுங்காதீர்கள். இரவு பத்து மணிக்கு ஹாலில் சார்ஜ் போடட்டும், நீங்களும் உங்களுடையதைப் பக்கத்திலேயே வையுங்கள்.

இன்று இரவே அவனுடைய ஃபிசிக்ஸ் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஜூலையிலேயே எலக்ட்ரோஸ்டாட்டிக்ஸ் நடந்திருந்தால் அது 12ஆம் வகுப்புப் பாடம். 11ஆம் வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டு, ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைப்பது பல தனியார் பள்ளிகளின் பழைய வழக்கம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் பழைய வழக்கத்துக்கும் கதவு திறந்துவிட்டது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் 11ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வரும். 11ஆம் வகுப்பு மெக்கானிக்ஸைத் தாண்டிக் குதித்த பையனுக்கு அடுத்த பாடம் எப்படி ஏறும்? நிறையப் பிள்ளைகள் “பிடிக்கல” என்று சொல்வது “புரியல” என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான். 467 எடுத்தவனுக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

இன்னொன்று, பயோ-மேத்ஸைத் தேர்ந்தெடுத்தது யார்? “எல்லா வழியும் திறந்திருக்கும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். திறந்துதான் இருக்கும், ஆனால் சுமை இரட்டிப்பு. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, உயிரியல் கிடையாது. நீட்டில் கணக்கு கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வருஷம் முட்டிமோதிப் படித்த ஒரு பாடம் அங்கே சேராது. டாக்டர் ஆசை அவனுக்கு இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் போதும். கணக்குதான் கசக்கிறது என்றால் பியூர் சயின்ஸ் இருக்கிறது, ஆனால் இன்ஜினியரிங் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு மாறட்டும். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் சரி. சி.ஏ.வுக்கும் அப்படியே. குரூப் மாற்றுவதென்றால் இந்த மாதமே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால் பள்ளியும் சம்மதிக்காது, விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க அவனாலும் முடியாது.

அவனிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். எதிரே உட்காரவைத்து “ஏன் பிடிக்கல?” என்று ஆரம்பித்தால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, “நேத்து எந்த பீரியட் சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்வதை உடனே திருத்தாதீர்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து, யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, ஸ்கூலில் யாரையாவது கண்டு பயப்படுவதாகத் தோன்றினாலோ எனக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், ஆலோசகர் தமிழிலேயே பேசுவார்.

பள்ளிக்குப் பேசப் போகும் நாளில் அவனையும் கூட்டிப் போங்கள். அவனைப் பற்றிப் பேசும்போது அவன் வராந்தாவில் நிற்க வேண்டாம், உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும்.