வயல் கேள்வி, வரப்பு பதில்: புள்ளி விழுந்தாலே விதை பொய்யா?

கேள்வி: நெல்லில் வரும் பூசண நோயான குலை நோயைத் தாங்கும் என்று சொல்லி சம்பாவுக்கு ஒரு ரகம் கொடுத்தார்கள். ஆறு மா நிலத்தில் நட்டேன். கார்த்திகை மூட்டத்தில் இலையெல்லாம் புள்ளி. பக்கத்து வயலில் ஆந்திரா பொன்னி; அங்கும் புள்ளி. நான் ஏமாந்துவிட்டேனா? (நன்னிலம் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: விதைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் வயலில் இறங்குங்கள். இரண்டு வயலிலும் மேலிருந்து மூன்றாவது இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆந்திரா பொன்னி போல நோய்க்கு இடம் கொடுக்கும் ரகத்தில் புள்ளி இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். நடுவில் சாம்பல் நிறம் அகலமாகப் படர்ந்திருக்கும். பூசண வித்துகள் கிளம்புவது அந்தச் சாம்பல் பகுதியிலிருந்துதான். உங்கள் இலையில் புள்ளிகள் சிறுத்து, பழுப்பு விளிம்பு தடித்து, சாம்பல் கடுகளவே இருந்தால் ரகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே இடங்களில் மறுபடி எண்ணிப் பாருங்கள். எந்த வயலில் புள்ளி வேகமாகப் பெருகியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

இதைப் பகுதி எதிர்ப்புத் திறன் என்பார்கள். இலையில் விழுந்த வித்துகளில் சிலதான் உள்ளே புகும்; புகுந்தது புள்ளியாக வெளிவரக் கூடுதல் நாளாகும்; அந்தப் புள்ளியும் குறைவாகவே வித்து உதிர்க்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அற்ப வித்தியாசம். ஆனால் குலை நோய் ஒரே பருவத்தில் பல சுற்று சுற்றுகிறது. கந்து வட்டியில் கொஞ்சம் குறைத்தாலே அறுவடைக்குள் எவ்வளவு மிச்சமாகும் என்று டெல்டாக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் திறனைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: பயிர் கருகருவென்று தெரிய வேண்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவது. நம் ஊரில் வரப்பில் போகிறவர் மெச்சுவதற்காகவே உரம் போடுகிறவர்கள் உண்டு. இரவுக் குளிர், விடியும்வரை காயாத பனி, அதோடு மிதமிஞ்சிய தழைச்சத்தும் சேர்ந்தால் தாங்கும் ரகமும் தள்ளாடும். இலையின் பச்சையை எண்ணிட்ட பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையைப் பிடித்துப் பாருங்கள்: வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா போடுங்கள்.

கேள்வி: புள்ளியே விழாத ரகத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே? (மன்னார்குடி வாசகி)

பதில்: கொடுத்துப் பார்த்தார்களே, அம்மா. தென் கொரியாவில் 1970களில் தோங்கில் என்ற நெல் அப்படித்தான் பரவியது. சில ஆண்டுகள் சுத்தமாக நின்றது. அதை வெல்லும் பூசண இனம் பெருகியதும் 1978-இல் பெருஞ்சேதம். ஒரே மரபணுவை நம்பிய எதிர்ப்பு பலமுறை இப்படி உடைந்திருக்கிறது. பல மரபணுக்கள் சேர்ந்து தரும், மேலே சொன்ன பகுதி எதிர்ப்பு பொதுவாக அதிக காலம் நிற்கிறது. ஐ.ஆர். 64 என்ற நெல் ரகம் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஏன் எல்லா ரகத்திலும் அதைச் சேர்க்கவில்லை? ருசியும் ஒரு காரணம். ஜப்பானின் மேட்டுநிலப் பழைய நெல் ஒன்றில் இந்தத் திறன் இருப்பது வெகுநாளாகத் தெரியும். கலப்பு செய்தால் சோறு வாயில் வைக்க விளங்காது. எதிர்ப்பு தரும் மரபணுவை ஒட்டியே ருசியைக் கெடுக்கும் மரபணுவும் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஆய்வு 2009-இல்தான் வெளியானது. சன்ன அரிசிக்குப் பழகிய நம் வீடுகளில் சோறு ருசிக்காத நெல்லை யார் வாங்குவார்?

கேள்வி: இந்த நோய் ரசாயன உரத்தோடு வந்ததுதானே?

பதில்: இல்லை. உரம் அதை வளர்த்தது உண்மை. ஆனால் ரசாயன உரம் பரவுவதற்கு முன்பே, 1913-லேயே இந்தியாவில் அது பதிவாகிவிட்டது; 1919-இல் தஞ்சை டெல்டாவையே வாட்டியது. டெல்டாவின் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதே அதற்குப் பிறகு, 1922-இல்தான். பின்னால் கோ 4 என்ற எதிர்ப்பு ரகத்தோடு ஆடுதுறை 10 ரகத்தைக் கலந்து கோ 25 ரகம் வந்தது.

கேள்வி: இலையில் புள்ளி குறைவு. கதிர் தப்பிவிடும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இலையில் தாங்கும் ரகம் கதிரின் கழுத்தில் தாங்காமல் போவதுண்டு. பூட்டை (இளங்கதிர்) வெளிவரும்போது மூட்டமும் தூறலும் இருந்தால் கதிர்க்காம்பின் கணுவைத் தினம் பாருங்கள். அங்கே கருத்துவிட்டால் மேலே போகும் பால் நின்றுவிடும்; பிறகு எந்த மருந்தும் அந்தக் கதிரைக் காப்பாற்றாது. மருந்து அடிப்பதாக இருந்தால் பூட்டை எட்டிப் பார்க்கும்போதே அடித்துவிடுங்கள்.