நாடுகளின் தரம் மாறும்போது: வாசகர் கேள்விகள்

2019-இல் மேல் நடுத்தர வருமான நாடான இலங்கை மறு ஆண்டே கீழே இறங்கியது. ஒரே வருடத்தில் அவ்வளவு நொடிந்துவிட்டதா?

இல்லை. உலக வங்கி ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும், முந்தைய ஆண்டின் தலா தேசிய வருமானத்தை டாலரில் கணக்கிட்டு நாடுகளைப் பிரிக்கிறது. 2018-இல் இலங்கையின் வருமானம் 4,060 டாலர், எல்லைக்கோடு 3,996. வெறும் 64 டாலர் வித்தியாசத்தில்தான் ஏறியது. அடுத்த ஆண்டு வருமானம் 4,020. பணவீக்கத்துக்கு ஏற்பக் கோடும் 4,046-க்கு நகர்ந்துவிட்டது. வருமானம் குறைந்தது 40 டாலர், கோடு உயர்ந்தது 50 டாலர். கோடு நகராமல் இருந்திருந்தால் இலங்கை மேலேயே இருந்திருக்கும்.

அப்படியே மேலே நின்றிருந்தால், ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி வரியில் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை பறிபோயிருக்குமா?

உடனே போகாது. உலக வங்கிப் பட்டியலில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மேல் நடுத்தர நிலையில் இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் தகுதியை நீக்கும். ஓராண்டு ஏற்றத்தால் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆபத்தில்லை.

வங்கதேசம் ஐ.நா.வின் ‘மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள்’ பட்டியலிலிருந்து வெளியேறுவது நல்லதுதானே? ஏன் பயப்படுகிறார்கள்?

பெருமைதான், ஆனால் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. தலா வருமானம், மனித வளம், பொருளாதார–சுற்றுச்சூழல் பாதிப்பு என்ற மூன்று அளவுகோல்களில் இரண்டையாவது, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வில் அடுத்தடுத்து இருமுறை தாண்ட வேண்டும். வங்கதேசம் மூன்றையுமே தாண்டியது. வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24.

பட்டியலில் இருப்பதால் கிடைக்கும் வரியில்லா அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் அதன் பிறகும் மூன்றாண்டு நீட்டிக்கும். உண்மையான சிக்கல் அதற்கப்புறம், துணியில் இருக்கிறது. இப்போது வெளிநாட்டுத் துணியை வாங்கி உள்ளூரில் வெட்டித் தைத்தாலே சட்டைக்குச் சலுகை உண்டு. பிறகு துணி நெய்வதும் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும். பின்னலாடைக்கு நூலும் துணியும் அங்கேயே பெருமளவு கிடைக்கின்றன. இறக்குமதித் துணியை நம்பும் நெய்த சட்டைகளும் கால்சட்டைகளும்தான் அடிபடும். மருந்துகளுக்குக் காப்புரிமை தரத் தேவையில்லை என்ற விலக்கும் போகும். நெசவாலை ஒரே நாளில் முளைக்காது. அவகாசம் கேட்பது நியாயமே.

குறித்த நாளைத் தள்ளிப்போட முடியுமா?

முடியும். 2004 டிசம்பர் 20-இல் மாலத்தீவை வெளியேற்ற ஐ.நா. முடிவெடுத்தது, ஆறாம் நாள் சுனாமி வந்தது. வெளியேற்றம் 2011 ஜனவரி 1-க்குத் தள்ளப்பட்டது.

உலக வர்த்தக அமைப்பில் ‘வளரும் நாடு’ என்று முடிவு செய்வது யார்?

அந்தந்த நாடேதான். மற்ற உறுப்பு நாடுகள் ஆட்சேபிக்கலாம். 2019-இல் தென் கொரியா, இனிவரும் பேச்சுகளில் வளரும் நாடுகளுக்கான சலுகையைக் கோரமாட்டோம் என்றது. கையிலிருந்த பழைய சலுகைகளை விடவில்லை.