கெதியாய்க் கவசம் அடிக்கலாமோ? கேள்வி பதில்

மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக விளையாடும் பாத்ஃபைண்டர் முதற்பதிப்பிலும் அதற்குத் தாயான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5இலும் கவசம் செய்ய மாதக்கணக்காகும். அதைக் குறைப்பது பற்றி வன்னிப் பக்கத்து மேசைகளில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும் இவை. வேறு சொல்லாத இடமெல்லாம் கணக்குக்கு ஒரே ஆள்தான்: பாத்ஃபைண்டர், 5ஆம் நிலை ஃபைட்டர் (போர்வீரர்). கவசம் செய்யும் கிறாஃப்ட் என்ற திறனில் 5 ரேங்க் (பயிற்சிப் படி), கிளாஸ் ஸ்கில் (அவர் தொழிலுக்குரிய திறன்) என்பதால் 3, அறிவுக்கு 2, ஸ்கில் ஃபோக்கஸ் என்ற ஃபீட்டுக்கு (சிறப்புத் தகுதிக்கு) 3, மாஸ்டர்வேர்க் (உயர்தர) கருவிக்கு 2. மொத்தம் +15. டேக் டென், அதாவது உருட்டாமலே பகடையில் 10 விழுந்ததாக எடுத்தால் 25.

பரந்தனில் இருந்து: அக்கா, பிரெஸ்ட்பிளேட் (மார்புக் கவசம்) ஒண்டு அடிக்க அஞ்சு கிழமை எண்டு எங்கட ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொல்லுறார். அது சரியோ? எப்பிடிக் குறைக்கிறது?

பதில்: அவர் சொல்வது சரி, தம்பி. பிரெஸ்ட்பிளேட் 200 பொன். கிறாஃப்ட் கணக்கு வெள்ளியில்தான் ஓடும், ஆகவே 2000 வெள்ளி. கவசத்தின் டிசி, அதாவது செக்கில் எட்டவேண்டிய எண், 10உடன் அதன் ஏசி (தற்காப்பு) போனஸைக் கூட்டியது. இதற்கு போனஸ் 6, டிசி 16. விலையில் மூன்றிலொரு பங்கை, அதாவது 66 பொன் 6 வெள்ளி 7 செப்பை, மூலப்பொருளுக்கு முதலே கட்டவேணும். பிறகு கிழமைக்கு ஒரு செக்: டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டித் திறன் எண்ணைக் கூட்டுவது. வென்றால், செக்கில் வந்த எண்ணை டிசியால் பெருக்குங்கோ. அவ்வளவு வெள்ளிக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். 25 × 16 = 400. அஞ்சு கிழமை.

அந்தப் பெருக்கலை வடிவாகப் பாருங்கோ. செக்கில் 2 கூடினால் கிழமைக்கு 32 வெள்ளிதான் கூடும். டிசியில் 10 கூடினால் 250 கூடும். ஒவ்வொரு செக்குக்கும் முன்னம், விரும்பினால் டிசியை 10 உயர்த்தலாம் என்று விதியே சொல்கிறது. பிரெஸ்ட்பிளேட்டுக்கு அது 26 ஆகும். உங்கள் 25 ஒன்றால் தவறும், அந்தக் கிழமை வீண். ஆனால் எய்ட் அனதர் என்ற உதவி விதியில் ஒருவர் +2 தந்தால் 27 × 26 = 702. அஞ்சு கிழமை மூன்றாகிவிடும். நாள்வாரியாகப் பார்த்தால் 35 நாள் 20 ஆகும். அந்த +2இன் பெறுமதி 32 வெள்ளி இல்லை, 302 வெள்ளி. வேகம் வேணும் என்றால் முதல் கேட்கவேண்டியது இதுதான்: +10ஐ டேக் டென்னிலேயே எட்ட எனக்கு இன்னும் எத்தனை குறையுது?

அதே ஆள், திரும்பவும்: உதவிக்கு ஆள் இல்லாட்டி? டிசியைக் கூட்டிப்போட்டு டி20ஐ உருட்டினால் என்ன? அரைவாசி நேரம் விழும்தானே.

பதில்: விழும். 26க்கு 11 அல்லது மேல் வேணும், சரியாக அரைவாசி. வென்ற கிழமைகளில் சராசரி 30.5, அதை 26ஆல் பெருக்கினால் 793. தோற்ற கிழமைகளையும் சேர்த்தால் சராசரி 396.5 வெள்ளி. பேசாமல் டேக் டென் எடுத்தால் வருவது 400. உருட்டி ஒரு வெள்ளியும் மிஞ்சாது.

நட்டம் வேறை இருக்கு. 7 முதல் 10 வரை விழுந்தால் அந்தக் கிழமை சும்மா போகும். 6 அல்லது கீழே விழுந்தால், நூற்றுக்கு 30 தரம், டிசிக்கு 5 அல்லது கூடக் குறைந்து மூலப்பொருளில் பாதி பாழ். 33 பொன்னுக்கு மேல் திரும்பக் கட்டவேணும். டேக் டென் எட்டாத இடத்தில் +10ஐத் தொடவேண்டாம்.

மாங்குளத்தில் இருந்து: எய்ட் அனதருக்கு டிசி 10தானே அக்கா, உதவியாளும் டேக் டென் எடுத்தால் முடிஞ்சுதே?

பதில்: கன மேசைகளில் பிழைக்கிற இடம் இது. எய்ட் அனதருக்கு டேக் டென் இல்லை, உருட்டியே ஆகவேணும். ஒரு ரேங்கும் கிளாஸ் ஸ்கில்லும் உள்ள உதவியாளுக்கு +4; அவர் 6 அல்லது மேல் போடவேணும், நூற்றுக்கு 75. +9 உள்ளவர் தவறவே மாட்டார்.

அதனால் ஒழுங்கு முக்கியம். முதலில் உதவியாள் உருட்டட்டும். விழுந்தால் டிசியை 10 உயர்த்தி 702 எடுங்கோ. விழாவிட்டால் உயர்த்தாமல் 400ஓடு இருங்கோ. உங்கள் செக்குக்கு முன்னம் முடிவெடுத்தால் போதும் என்பதால் இது விதிக்குள்தான் நிற்கிறது. +4 உதவியாளோடு இப்படிப் போனால் கிழமைக்குச் சராசரி 626 வெள்ளி வரும், மூலப்பொருளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. முன்கூட்டியே +10 அறிவித்துவிட்டு உதவியாளை உருட்டச் சொன்னால் நாலில் ஒரு கிழமை வீண்.

இதிலும் நல்லது கோஒப்பரேட்டிவ் கிறாஃப்டிங் ஃபீட். அதை உதவியாள் எடுக்கவேணும், நீங்கள் இல்லை. ஏதாவது கிறாஃப்டில் 1 ரேங்கும் ஏதாவது ஒரு பொருள் ஆக்கும் ஃபீட்டும் இருந்தால் எடுக்கலாம். உங்கள் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஸ்க்ரைப் ஸ்க்ரோல் என்ற ஃபீட் முதல் நிலையிலேயே சும்மா கிடைக்கும், அது காணும். கவசக் கிறாஃப்டில் ஒரு ரேங்க் போட்டால் சரி. உருட்டாமலே +2 தரும், அதோடு ஒரு நாளில் செய்யும் பெறுமதியை இரட்டிப்பாக்கும். 702 அப்படியே 1404. பிரெஸ்ட்பிளேட் 10 நாளில் முடியும். சாதாரணக் கவசத்துக்கு இதைவிடப் பெறுமதியான ஃபீட் இல்லை என்பது என் கருத்து.

நெடுங்கேணியில் இருந்து: நாங்கள் 3.5 விளையாடுறம். நாளுக்கு ஒரு செக் போட்டால் கெதியா முடியுமோ?

பதில்: 3.5இல் பிந்தும். பாத்ஃபைண்டரில் நாள்வாரிச் செக் என்றால் கிழமைக் கணக்கை 7ஆல் பிரிப்பது, நட்டம் இல்லை. 3.5இல் அதே எண்ணை வெள்ளிக்குப் பதில் செப்பில் எண்ணுவார்கள், அதாவது 10ஆல் பிரித்த மாதிரி. கிழமைக்கு 400 வருபவருக்கு நாளுக்கு 40, ஏழு நாளுக்கு 280தான். மிச்சம் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் நாள்வாரிக்கு மாறுங்கோ. இன்னொன்று, 3.5இல் பிரெஸ்ட்பிளேட்டின் போனஸ் 5, ஃபுல்பிளேட்டுக்கு (முழு உடல் கவசத்துக்கு) 8. பாத்ஃபைண்டரில் 6, 9. விலை ஒன்று, டிசிதான் ஒன்று குறைவு.

புதுக்குடியிருப்பில் இருந்து: ஃபுல்பிளேட் 32 கிழமை வருது. மாஸ்டர்வேர்க்கும் வேணும். அதுக்குள்ள எங்கட கதையே முடிஞ்சிடும் அக்கா!

பதில்: கணக்குச் சரி. 15000 வெள்ளி, டிசி 19, கிழமைக்கு 475. மாஸ்டர்வேர்க் தனிப் பொருள் மாதிரி: 150 பொன், டிசி 20. 25 × 20 = 500, இன்னும் மூன்று கிழமை. இரண்டையும் ஒரே டிசியில் போட்டுப் பெருக்கக்கூடாது. மொத்தம் 35 கிழமை.

டிசி 29ஐ எட்ட 4 குறைகிறது. கிறாஃப்டர்ஸ் ஃபோர்ச்சூன் என்ற முதல்நிலை மந்திரம் அடுத்த ஒரு கிறாஃப்ட் செக்குக்கு +5 தரும். கிழமைக்கு ஒருதரம் செக்குக்கு முன் போட்டால் 30 × 29 = 870, 18 கிழமை. மேலே சொன்ன ஃபீட்டோடு விசார்டும் பக்கத்தில் நின்றால் 32 × 29 = 928, அதன் இரட்டிப்பு 1856. 9 கிழமை.

ஆனால் பட்டறைக்குள் இறங்கமுதல் ஒன்றை யோசியுங்கோ. கடையில் மாஸ்டர்வேர்க் ஃபுல்பிளேட் 1650 பொன். நீங்கள் செய்தால் மூலப்பொருள் 550. மிச்சம் 1100, ஆனால் 35 கிழமைக்கு. கிழமைக்கு 31 பொன் சொச்சம். அந்த நிலையில் ஒரு குகைக்குள் போய் வந்தாலே அதைவிடக் கூட வரும். எதிரியிடம் பிடித்த ஃபுல்பிளேட்டை உங்கள் உடம்புக்குத் திருத்த 2டி4 × 100 பொன்தான், 200 முதல் 800 வரை. எல்லாவற்றிலும் கெதியான வழி அதுதான். கொள்ளைப் பொருளில் ஃபுல்பிளேட் வந்தால் விற்றுவிடாதேங்கோ.

வவுனியாவில் இருந்து: நான் 9ஆம் நிலை விசார்ட். மூலப்பொருளை நேரே பொருளாக்கிற ஃபேப்ரிகேட் மந்திரம் இருக்கு. ஃபைட்டரின்ர +15ஐ வச்சு நான் மந்திரம் போடலாமோ?

பதில்: இல்லை தங்கச்சி. நுணுக்க வேலைக்குரிய பொருள் என்றால் கிறாஃப்ட் செக் மந்திரம் போடுபவருடையது. ஆனால் பயப்படத் தேவையில்லை. அறிவு 20 என்றால் +5, ஒரு ரேங்க், கிளாஸ் ஸ்கில் 3, மொத்தம் +9. டேக் டென் 19, ஃபுல்பிளேட்டின் டிசி அதுவே. இரண்டாவது ரேங்க் போட்டால் 20, மாஸ்டர்வேர்க்கும் சரி. மூலப்பொருளின் பெறுமதி குறையாமல் இருக்கவேணும், ஃபுல்பிளேட்டுக்கு 500 பொன். உலோகத்துக்கு நிலைக்கு ஒரு கன அடி அளவு. 50 இறாத்தல் உருக்கு ஒரு கன அடியில் பத்திலொரு பங்கு அளவுதான், ஒரு சுற்றில் முடியும். 35 கிழமை வேலை ஒரு நாளில் இரண்டு மந்திரத்தில் முடிகிறது. மித்ரில் என்ற கற்பனை உலோகத்தில் செய்யும் கவசத்துக்கு இதுதான் வழி. மித்ரில் பிரெஸ்ட்பிளேட் 4200 பொன், கையால் அடித்தால் 100 கிழமைக்கு மேல்.

மல்லாவியில் இருந்து: கவசத்துக்கு மந்திரத்தால +2 ஏத்துறதையும் கெதியாக்கலாமோ?

பதில்: அது ஏற்கனவே கெதி. +2இன் விலை 4000 பொன், ஆயிரத்துக்கு 8 மணித்தியாலம், நாலு நாள். டிசியை 5 உயர்த்தினால் ஆயிரத்துக்கு 4 மணித்தியாலம், இரண்டு நாள். கவசம் மாஸ்டர்வேர்க்காகவும் செய்பவர் கேஸ்டர் லெவல் (மந்திரம் போடும் நிலை) 6 ஆகவும் இருக்கவேணும். ஸ்பெல்கிறாஃப்ட் (மந்திர அறிவுத் திறன்) டிசி 11, உயர்த்தினால் 16. டேக் டென்னில் 16 வராவிட்டால் உயர்த்தவேண்டாம். 5 குறைந்து தோற்றால் சபிக்கப்பட்ட பொருள் ஆகிவிடும்.

முள்ளியவளையில் இருந்து: நான் ஜிஎம். வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச 1803 ஓகஸ்ட் 25இல இருந்து கற்சிலைமடுவில தோற்ற ஒக்டோபர் 31 மட்டும் ஒரு கதை ஓட்டப்போறன். அந்த 67 நாளில ஒரு ஆள் எத்தினை பேருக்குக் கவசம் செய்யலாம்?

பதில்: நல்ல கதைக்களம். ஃபுல்பிளேட்டை மறந்து தோலுக்குப் போங்கோ. கவச போனஸ் 5க்குள் இருந்தால் +15 உள்ளவருக்கு டிசியை உயர்த்தினாலும் 25ஐத் தாண்டாது. உதவியாளும் வேண்டாம், தவறவும் மாட்டார். தோற்கவசம் 10 பொன், உயர்த்திய டிசி 22. 25 × 22 = 550, நாளுக்கு 78 வெள்ளி சொச்சம், இரண்டு நாள். பெரிய மரக்கேடயம் 7 பொன், அதே டிசி, ஒரு நாள். ஆளுக்கு மூன்று நாள் என்று வைத்தால் 67 நாளில் 22 பேர். கேடயத்துக்குப் பாலை, முதிரை என்று எங்கட காட்டு மரங்களைச் சொல்லலாம், கணக்கு மாறாது.

வெயிலையும் கதைக்குள் கொண்டுவாருங்கோ. 32 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கொரு ஃபோர்ட்டிட்யூட் சேவ் (உடல் தாங்குமோ என்று பார்க்கும் உருட்டல்), டிசி 15இல் தொடங்கி ஒவ்வொரு தரமும் ஒன்று ஏறும். எந்தக் கவசம் போட்டாலும் -4. ஓகஸ்ட் மாத வன்னியில் அது நாளாந்தம் வரும். தோற்கவசத்தை ஒரு நிமிடத்தில் கழற்றலாம்.

செட்டிகுளத்தில் இருந்து: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில?

பதில்: அங்கே பெருக்கல் இல்லை, ஆட்களின் எண்ணிக்கைதான் வேகம். 2014 விதியில் ஆளுக்கு நாளுக்கு 5 பொன், ஃபுல்பிளேட்டான பிளேட் கவசத்துக்கு 300 நாள். கருவிப் பயிற்சியுள்ள நாலு பேர் சேர்ந்தால் 75. 2024 விதியில் நாளுக்கு 10 பொன், தனி ஆளுக்கு 150 நாள். இரண்டிலும் மூலப்பொருள் அரைவிலை. ஃபேப்ரிகேட் நாலாம் நிலை மந்திரம், 7ஆம் நிலை விசார்டுக்கே வரும், 10 நிமிடம். கொல்லன் கருவிகளில் பயிற்சி இல்லாவிட்டால் கவசம் வராது, ஆளை உருவாக்கும்போதே அதை எடுங்கோ.

ஒட்டுசுட்டானில் இருந்து: செய்து முடிச்ச ஃபுல்பிளேட்டை ஓகர் எண்ட அரக்கன் ஒண்டு உடைச்சுப்போட்டுது. திரும்ப முதல்ல இருந்தோ?

பதில்: தேவையில்லை. திருத்துவதற்குக் கவசத்தின் விலையில் ஐந்திலொரு பங்கு, 300 பொன், டிசி செய்தபோது இருந்த அதே 19. மென்டிங் என்ற சின்னத் திருத்த மந்திரம் உதவாது, நிலைக்கு ஒரு இறாத்தல்தான் அதன் எல்லை, உங்கள் கவசம் 50 இறாத்தல். மேக் ஹோல் என்ற பெரிய திருத்த மந்திரம் போடக்கூடிய கிளெரிக் (பூசாரி) இருந்தால் முதல் அவரைக் கேளுங்கோ.