பெற்றோருடன் ஒரே நாளில் போய்வர ஏற்ற அருவிப் பாதை எது?

நியூஜெர்சியிலிருந்து காரில் போய் அன்றே திரும்ப வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அறுபது தாண்டிய அப்பா அம்மாவும் உடன் வருவார்கள், அருவியும் காடும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பென்சில்வேனியாவில் பென்டன் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் நான்கு முறை போயிருக்கிறேன்.

கிச்சன் க்ரீக் ஓடையின் இரண்டு கிளைகள் கனோகா கிளென், கிளென் லீ என்ற இரு பள்ளத்தாக்குகளில் இறங்கி, கீழே ஒன்றுகூடுகின்றன. பெயருள்ள அருவிகளே இருபதுக்கு மேல். மோஹாக், ஒனைடா, செனகா, டெலவேர் என்று பலவற்றுக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்கள். முழுப் பாதை 7.2 மைல். மேலே லேக் ரோஸ் பக்கம் வண்டியை நிறுத்தி, ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மற்றதில் ஏறி, ஹைலேண்ட் பாதை வழியே திரும்பினால் 3.2 மைல்தான். பெரும்பாலான அருவிகள் இதிலேயே வந்துவிடும்.

எனக்கு இந்த இடம் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தக் கற்படிகள். தூரத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வரும் அருவிகள் இல்லை இவை. படிகள் அருவியை ஒட்டியே இறங்குகின்றன. உச்சியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டுவதைப் பார்க்கலாம், பாதி வழியில் சாரல் முகத்தில் அடிக்கும், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அதன் இரைச்சல் அடங்குவதற்குள் அடுத்ததன் சத்தம் கேட்கத் தொடங்கும். கனோகா அருவிதான் உயரமானது, 94 அடி. அதன் எதிரே இருபது நிமிடமாவது உட்காருங்கள்.

இந்தப் பாதையை 1889 முதல் 1893 வரை வெட்டியவர்கள் ஆறே பேர் கொண்ட ஒரு குழு. வெட்டச் சொன்னவர் ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். சுற்றிலும் இருந்த அவருடைய காடுகள் மரத்துக்காக வெட்டப்பட்டபோதும், இந்தப் பள்ளத்தாக்குகள் மட்டும் தப்பின. அதனால்தான் நூற்றாண்டுகள் கண்ட ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் இன்னும் நிற்கின்றன. இப்போது அவற்றுக்கு வேறு ஆபத்து: ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி சாற்றை உறிஞ்சி மரத்தையே கொன்றுவிடும். ஊசியிலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அதுதான். பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும்.

சரி, பெற்றோர் விஷயம். முழங்கால் வலி இருந்தால் அவர்களை இந்தப் படிகளில் இறக்காதீர்கள். இறங்குவதுதான் கஷ்டம்; கல் எப்போதும் ஈரமாகவே இருக்கும், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. முதல் முறை என் அம்மாவை அழைத்துப் போய், மூன்றாவது அருவியிலேயே அவர் காலை அழுத்தமாக ஊன்றப் பயந்து நின்றுவிட்டார். கையைப் பிடித்து மேலே கூட்டி வர ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த முறை கீழே, 118-ஆம் எண் சாலையோர வாகன நிறுத்தத்துக்குப் போனோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆடம்ஸ் அருவி இருக்கிறது. பக்கத்தில் எவர்கிரீன் பாதை என்று ஒரு மைல் நடை, அந்தப் பழைய மரங்களுக்கு நடுவே. அம்மா ஒரு ஹெம்லாக்கைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார், இரு கைகளும் எட்டவில்லை. உங்கள் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். நீங்கள் படிப்பாதையில் போக ஆசைப்பட்டால் உங்களில் ஒருவர் அவர்களுடன் இருங்கள்.

நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் தண்ணீர் நிறைய இருக்கும். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும், கூட்டமும் சேரும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். குளிர்காலத்தில் படிகள் முழுக்கப் பனிக்கட்டி உறைந்துவிடும், பனிக்கட்டியில் ஏறுவதற்கான கருவிகள் இல்லாமல் உள்ளே போக அனுமதி இல்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், பாதையில் கடை எதுவும் கிடையாது.