ஒட்டு நகம் கழலவில்லை, வாங்கிய ரிமூவர் போலியா?

கேள்வி: அக்காவின் கல்யாண வரவேற்புக்காக ஆன்லைனில் ஒட்டு நகம் வாங்கி, அதோடு வந்த பசையைப் போட்டுப் பத்து விரலிலும் ஒட்டிக்கொண்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. மூன்று தானாக விழுந்துவிட்டன, மீதி ஏழும் அசையவே இல்லை. சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியவில்லை. நான் நர்சிங் படிக்கிறேன். திங்கள்கிழமை வார்டுக்குப் போக வேண்டும், இந்த நகத்தோடு உள்ளே விடமாட்டார்கள். லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கி அரை பாட்டில் தேய்த்தும் ஒன்றும் ஆகவில்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? வீட்டிலேயே எப்படிக் கழற்றுவது?
- மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'அசிட்டோன் ஃப்ரீ' என்று போட்டிருக்கும் என்பது என் ஊகம். அந்த வகை ரிமூவரில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். நகச்சாயத்தை அது நன்றாகவே எடுக்கும். உங்கள் நகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதோ சாயம் இல்லை, சயனோஅக்ரிலேட் என்ற பசை. அதை இளக்க அசிட்டோன் வேண்டும். ஆக, சரக்கு போலி இல்லை, வேலைக்குப் பொருந்தாத சரக்கு. அரை பாட்டில் தீர்த்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வைத்துக்கொள்ளுங்கள், நெயில் பாலிஷ் அழிக்க ஆகும்.

அடுத்த பாட்டில் வாங்கும்போது, சேர்மானப் பட்டியலில் அசிட்டோன் முதல் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லாமல் வெறும் பாட்டிலில் ஊற்றி விற்பதை வாங்காதீர்கள். அழகு நிலையங்களுக்குச் சரக்கு கொடுக்கும் கடைகளில் அசிட்டோன் தனியாகவே கிடைக்கும். சின்ன பாட்டில் போதும்.

ஆனால் அசிட்டோனை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெந்நீர். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் லிக்விடோ ஷாம்புவோ கொஞ்சம் கலந்து, பதினைந்து இருபது நிமிடம் விரல்களை ஊறவிடுங்கள். ஆறினால் மாற்றுங்கள். பிறகு ஒட்டு நகத்தின் இரு ஓரங்களிலும் அடியிலும் தேங்காய் எண்ணெய் விட்டு, மழுங்கிய மரக்குச்சியால் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். மெதுவாக என்றால் வலி என்ற பேச்சே வரக்கூடாது. வரவில்லையா, விடுங்கள், மறுபடி ஊறவையுங்கள். ஒரு வாரப் பழைய பசைக்கு இரண்டு மூன்று தடவை ஆகலாம். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான். இதில் ஒரு லாபமும் உண்டு: நகங்கள் முழுசாக வரும், பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கும் போடலாம். அசிட்டோன் போட்டால் அந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரைந்துவிடும்.

அவசரப்பட்டவர் கதை ஒன்று சொல்கிறேன், அந்த அவசரக்காரி நான்தான். புதுச்சேரியில் ஒரு விசேஷம் முடித்து பஸ்ஸில் வரும்போது, சும்மா இருக்காமல் ஒரு நகத்தின் ஓரத்தைச் சுரண்டினேன். கொஞ்சம் தூக்கியதும் பிடுங்கிவிட்டேன். கன்னியகோயில் வருவதற்குள் நான்கு போயிற்று. நான்கோடும் என் சொந்த நகத்தின் மேல் அடுக்கு உரிந்து வந்தது. மறுநாள் ரசத்துக்குப் புளி கரைத்தபோது எரிந்த எரிச்சல் இப்போதும் நினைவிருக்கிறது. நகம் என்பது கெரட்டின் அடுக்குகள்தான், பசை மேல் அடுக்கைப் பிடித்திருக்கும், இழுத்தால் அதையும் கொண்டுதான் வரும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அந்தத் தேய்ந்த இடம் முழுக்க வெளியேற எனக்கு அரை வருடம் ஆனது. ஊக்கு, ஹேர்பின், கத்தி முனை, பல் எதுவும் நகத்தடியில் போக வேண்டாம்.

வெந்நீருக்கு மசியாத நகங்களுக்கு அசிட்டோன். ஒட்டு நகத்தை முதலில் நகவெட்டியால் முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள். விரலைச் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து வெளிறிப்போகும். பஞ்சைச் சின்னத் துண்டாக அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியம் ஃபாயிலால் சுற்றுங்கள். கிண்ணத்தில் விரலை முக்குவதைவிட இது மேல். தோலில் குறைவாகப் படும், ஆவியும் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும். இரண்டு கையிலும் ஃபாயில் சுற்றிவிட்டால் கதவைத் திறக்கக்கூட அக்காவைத்தான் கூப்பிட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து ஒரு விரலை மட்டும் பிரியுங்கள். பிளாஸ்டிக் சவ்வு மிட்டாய் மாதிரி இளகியிருந்தால் மரக்குச்சியால் தள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். காற்றுப் பட்டால் மறுபடி இறுகிவிடும் என்பதால்தான் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கச் சொல்கிறேன். இளகவில்லை என்றால் புதுப் பஞ்சு வைத்து இன்னொரு பத்து நிமிடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். மைனஸ் 20 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளக்கூடியது, நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்! ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதனால் சமையலறையில் வேண்டாம், சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எரியும் அறையிலும் வேண்டாம். கரண்ட் போய் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தால் அன்று இந்த வேலையே வேண்டாம். சீக்கிரம் இளகட்டும் என்று அசிட்டோனை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கவே கூடாது. ஜன்னல் ஓரமாக, காற்றோட்டத்தில் உட்காருங்கள். ஊற்றிவைக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம். சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும், வார்னிஷ் அடித்த மேசையையும் கெடுக்கும். கீழே பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்திலும் சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். இரண்டு நாளைக்கு நகம் வெள்ளை பூத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், அது வறட்சி. பச்சை நிறம், வீக்கம், சீழ், நகம் சதையைவிட்டுத் தூக்குவது இவை வேறு கதை, தோல் மருத்துவரைப் பாருங்கள். விரலில் ஏற்கெனவே வெட்டுக்காயமோ கரப்பானோ இருந்தால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

வார்டில் விடமாட்டார்கள் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டு நகத்தடியில் கிருமி தங்கும், கை கழுவினாலும் முழுக்கப் போகாது. நோயாளியைத் தொடுகிறவர்கள் அதைப் போடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது.

கேள்வி: ஒட்டு நகத்தோடு கொடுக்கும் பசை துளியூண்டுதான், அதற்குள் காய்ந்தும் போகிறது. இரண்டும் ஒரே மாதிரிதானே, ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: இரண்டும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான், உங்கள் கணக்கு தப்பில்லை. ஆனால் ஒன்று நகத்துக்கென்று விற்பது, மற்றது உடைந்த பொம்மைக்கும் செருப்புக்கும். வேண்டாம். இன்னொரு விஷயம், நகப் பசைக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஈரமாக இருக்கும் இந்தப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சிந்தினால் வேகமாகச் சூடேறும், தோல் வெந்துபோகிற அளவுக்கு. காட்டன் நைட்டியில் மடியில் வைத்து ஒட்டும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஓரிரு நாளைக்குத்தான் நகம் வேண்டும் என்றால் பசையே இல்லாமல், இருபக்கமும் ஒட்டும் ஸ்டிக்கரோடு வரும் நகம் வாங்குங்கள். வெந்நீரில் சுலபமாகக் கழன்றுவிடும்.

கேள்வி: நான் கடலூர். புதுச்சேரியில் ஒரு பார்லரில் ஜெல் நகம் போட்டேன். எடுக்கப் போனால், போட்ட தொகையில் பாதியைக் கேட்கிறார்கள், முன்பு சொல்லவே இல்லை. மிஷின் வைத்துத் தேய்த்ததில் இரண்டு நகம் புண்ணாகிவிட்டது. வீட்டிலேயே எடுத்திருக்கலாமோ? புகார் எங்கே கொடுப்பது? அது வேறு மாநிலம் ஆயிற்றே!
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஜெல்லில் இரண்டு வகை. ஊறவைத்து எடுப்பது ஒன்று, எவ்வளவு ஊறினாலும் கரையாத கெட்டி ஜெல் ஒன்று. இரண்டாவதை ராவித்தான் எடுக்க வேண்டும், அதை வீட்டில் செய்யாதீர்கள். போடும்போதே 'இது எந்த வகை, எடுக்க எவ்வளவு?' என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறைக்கு.

புண்ணுக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விரலைத் தேதியோடு போட்டோ எடுங்கள். பில் தராவிட்டால் யூபிஐ பதிவு உதவும். பார்லருக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, ஒரு முறை கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே. புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.