பாதி வாரிசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரக் குறிப்பில் ஒடிசாவின் முன்னாள் முதல்வரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "நவீன் பட்நாயக் பாதி வாரிசு." அதை நண்பர்கள் குழுவில் போட்டேன், பெரிய சண்டையாகிவிட்டது. அப்பா பெயர் இல்லாவிட்டால் இவர் யார் என்றார் ஒருவர். தாய்மொழியில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச வராதவரை 24 வருடம் முதல்வராக வைத்திருந்த ஜனங்களைச் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் பேச்சு, நவீனின் செயலராக இருந்த வி.கே. பாண்டியனிடம் வந்து நின்றது. "நம்ம ஊர்க்காரர் போய்த்தான் கெடுத்தார்" என்றார்கள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வாரிசு என்றால் வாரிசுதானே, அதில் பாதி என்ன, முழுசு என்ன? கொஞ்சம் விளக்கமாக எழுத முடியுமா?

பி.கு.: நவீனின் அப்பா பிஜு பட்நாயக் தானே விமானம் ஓட்டிக்கொண்டு போய் இந்தோனேசியத் தலைவரை மீட்டு வந்தார் என்கிறார்களே, அது நிஜமா, கட்சிக்காரர்கள் கட்டிவிட்டதா?

எஸ்.,
திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

அந்த வரியை நான் பெரிதாக யோசித்து எழுதவில்லை. எழுதியாயிற்று, இனி அதற்குக் காரணம் தேட வேண்டியதுதான்.

முழு வாரிசை நமக்கெல்லாம் தெரியும். அரைக்கால் சட்டை போடும் வயதிலேயே மேடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எந்த மாவட்டத்தில் யாருக்கு யார் ஆகாது, எந்தச் சம்பந்தி எந்தத் தொகுதி கேட்பார் என்பதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். கட்சி கைக்கு வரும்போது கூடவே அப்பாவின் நண்பர்கள், அப்பாவின் பகையாளிகள், அப்பா வாங்கிய கடன், கொடுத்த வாக்கு எல்லாம் வந்து சேரும்.

நவீனுக்கு இதில் எதுவும் கிடையாது. 1946இல் கட்டக்கில் பிறந்தவர். படித்தது டேராடூன் டூன் பள்ளியில், பிறகு டெல்லி கிரோரி மால் கல்லூரியில். டெல்லி ஓபராய் ஓட்டலில் ஒரு துணிக்கடை வைத்திருந்தார். பழைய அரசவை வாழ்க்கை, பிகானேர் மக்கள், மூலிகைச் செடிகள் என்று ஆங்கிலத்தில் மூன்று புத்தகங்கள் எழுதினார். அதில் ஒன்றுக்குப் பதிப்பாசிரியர் ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ். அக்கா கீதா மேத்தா பேர்பெற்ற எழுத்தாளர், அத்தான் சன்னி மேத்தா நியூயார்க்கில் பெரிய பதிப்பாளர். 1997 ஏப்ரலில் பிஜு இறந்தபோது நவீனுக்கு ஐம்பது வயது. கட்டக்கில் நாலு கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அவரைக் கூட்டிவந்தவர்கள் அதனால்தான் கூட்டிவந்தார்கள். பிஜுவின் கட்சியான ஜனதா தளம் சிதறிக்கொண்டிருந்த நேரம். ஒடிசாவில் ஓட்டு இருந்தது பிஜுவின் பெயருக்கு. பெயருக்கு ஒரு முகம் வேண்டும், முகத்துக்குப் பின்னால் இருந்து தாங்கள் நடத்திக்கொள்ளலாம் என்பது கணக்கு. அப்பாவின் அஸ்கா தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். அந்த டிசம்பரிலேயே பிஜு ஜனதா தளம் பிறந்தது, சங்கு சின்னம், பி.ஜே.பி. கூட்டணி. வாஜ்பாய் அமைச்சரவையில் சுரங்கத் துறை. இதுவரைக்கும் அவர் வாரிசுதான், மறுபேச்சில்லை. உங்கள் முதல் நண்பர் சொன்னது இந்த மூன்று வருடத்துக்குச் சரி.

அடுத்தது 2000 தேர்தல். கட்சியின் மூளை என்று ஊரே சொன்னது விஜய் மகாபாத்ராவை. பிஜுவின் அமைச்சரவையில் இருந்தவர். யாருக்கு சீட்டு, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர். வேட்புமனுவுக்குக் கடைசி நாள், கடைசி நேரத்தில், பட்குராவில் அவருடைய சீட்டையே ரத்துசெய்து வேறொருவருக்குக் கொடுத்தார் நவீன். சுயேச்சையாக மனு போடக்கூட அவருக்கு நேரமில்லை. பழைய இடத்துக்கு அவர் பிறகு திரும்பவே இல்லை. அப்பா காலத்துப் பெருந்தலைகள் இன்னும் சிலருக்கும் வரிசையாக இதே கதிதான்.

இதைத் துரோகம் என்று எழுதினவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் எந்த முழு வாரிசாலும் இதைச் செய்திருக்க முடியாது. "சித்தப்பா" என்று கூப்பிட்டுப் பழகியவரை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிட கை வராது. நவீனுக்கு யாரும் சித்தப்பா இல்லை, யாருக்கும் கடன்படவும் இல்லை. 2000 மார்ச் 5, அப்பாவின் பிறந்த நாளன்று முதல்வராகப் பதவியேற்றார். சொத்தில் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, உறவையும் கடனையும் வாசலிலேயே விட்டுவிட்டார். பாதி வாரிசு என்று என் கை எழுதியது இதை நினைத்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். 2014 தேர்தல் நேரத்தில் ஒரு கல்யாணத்துக்காக பெர்ஹாம்பூர் போயிருந்தேன். அந்தப் பக்கம் முழுக்க 1936 வரை நம் சென்னை மாகாணம்தான், கஞ்சம் ஜில்லா. பக்கத்து ஊரில் முதல்வர் கூட்டம் என்றார்கள், வேடிக்கை பார்க்கப் போனேன். மூன்று மணி நேரம் வெயில். முன் வரிசையெல்லாம் பெண்கள், சுய உதவிக் குழுப் புடவைகளில். ஹெலிகாப்டர் இறங்கியபோது கிளம்பிய புழுதியில் எல்லோரும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்கள். வெள்ளைக் குர்தா பைஜாமாவில் ஒருவர் செருப்புக் காலோடு வந்து நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். ஆங்கில எழுத்தில் எழுதிய ஒடியா. எனக்கே தெரிந்தது, வார்த்தைகள் தப்பான இடத்தில் உடைகின்றன. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. படித்து முடித்தார், கையாட்டினார், போய்விட்டார். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், "இதற்காகவா இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்றேன். "நன்றாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டோம்" என்றார்.

பின்னால் நவீன் இதையே ஒரு பாணியாக்கிக்கொண்டார். "ஆபண மானே குஷி தோ?" என்று கேட்பார். நீங்களெல்லாம் சந்தோஷம்தானே என்று அர்த்தம். கூட்டம் ஆமாம் என்று கத்தும். நானும் சந்தோஷம் என்பார். பேச்சு முடிந்தது.

பேசத் தெரியாததில் ஒரு சௌகரியமும் இருந்தது. மாவட்டப் பிரமுகர் வந்து காதோடு காதாக யாரைப் பற்றியும் வத்திவைக்க முடியாது, ஜாதிக் கணக்கு பேச முடியாது. நெருங்குகிற வழியே இல்லை. அப்பா பிஜு நேர்மாறு. வாய் ஓயாதவர். லஞ்சம் வாங்கும் அதிகாரியை அடியுங்கள் என்று முதல்வராக இருந்துகொண்டே பகிரங்கமாகச் சொன்னவர். 1990இல் 147 தொகுதியில் 123 வாங்கி வந்தவர், ஐந்தே வருடத்தில் தோற்றார். பிள்ளை ஐந்து தேர்தலைத் தொடர்ந்து ஜெயித்தார். அப்பாவின் பெயர் ஒரு தேர்தலுக்குத் தாங்கும், இரண்டுக்குத் தாங்கலாம். 2014இல் 117 தொகுதியும் மக்களவையில் 21க்கு 20ம் பதினேழு வருடம் முன்பு இறந்தவரால் வந்தவை என்று சொல்ல நான் தயாராயில்லை.

எதனால் வந்தன? ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1999 அக்டோபரில் சூப்பர் புயல் அடித்தபோது ஒடிசாவில் செத்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூரில், அதாவது நவீனின் சொந்தத் தொகுதி இருக்கும் அதே கஞ்சம் மாவட்டத்தில், கரையேறியது. ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு ஐம்பதைத் தொடவில்லை. பேரிடர் மேலாண்மைக்கான தனி அமைப்பை 1999 டிசம்பரில் உண்டாக்கியது காங்கிரஸ் அரசு, அதை மறைக்கக்கூடாது. ஆனால் விதை போட்டவர் வேறு, பதினாலு வருடம் தண்ணீர் ஊற்றியவர் வேறு. புயல் பாதுகாப்புக் கூடம், ஒலிபெருக்கி, ஊருக்கு ஊர் ஒத்திகை. மனம் வராமல் வீட்டிலேயே கிடக்கும் கிழவியைத் தூக்கிக்கொண்டு வரப் பழகிய இளைஞர்கள். ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன் இதை மறக்க மாட்டான். ரூபாய் அரிசி, மகளிர் குழு எல்லாம் இதற்கு மேல்தான். 2019இல் தனக்கு அப்பா வழியில் வந்த அதே அஸ்கா மக்களவைத் தொகுதியை ஒரு மகளிர் குழுத் தலைவிக்குக் கொடுத்தார். பிரமிளா பிசோயி, எழுபது வயதை ஒட்டியவர். ஜெயித்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2006 ஜனவரியில் கலிங்கநகரில் எஃகு ஆலைக்காக நிலம் எடுக்கப் போய், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்ட ஆதிவாசிகள் செத்தார்கள். 2008இல் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மீது நடந்த வன்முறையில் அரசு காலம் தாழ்த்தியது. அடுத்த வருடம் பி.ஜே.பி.யைக் கழற்றிவிட்டதும் மதச்சார்பற்ற தலைவர் ஆகிவிட்டார். டெல்லிப் பத்திரிகைகள் சுலபமாக மன்னித்தன. எனக்கு அந்த மன்னிப்பில் உடன்பாடில்லை.

பாண்டியன் விஷயத்தில் உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் அதை ஊர்ப் பாசத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். கட்சிக்காரர் யாரையும் அண்டவிடாத மனிதர் எப்படி ஆட்சி நடத்துவார்? நடுவில் ஒருவர் வேண்டும். முதலில் அந்த இடத்தில் இருந்தது ப்யாரி மோகன் மகாபாத்ரா. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ்., பிஜுவுக்கும் செயலராக இருந்தவர். 2012 மே மாதம் நவீன் லண்டனில் இருந்தபோது எம்.எல்.ஏ.க்களைத் திரட்டி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள். அதே காலத்தில் தனிச்செயலர் அறையில் இருந்தவர் பாண்டியன். மதுரை மாவட்டத்துக்காரர், 2000ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ்., கஞ்சத்தில் கலெக்டராக இருந்தவர், ஒடியா சரளமாகப் பேசுவார். முதல்வர் பேசாத மொழியை முதல்வரின் செயலர் பேசினார். இதிலுள்ள விபரீதம் ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை.

2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு, மறுநாளே கேபினட் அந்தஸ்து, அடுத்த மாதம் கட்சியில் சேர்ந்தார். 2024 பிரசாரத்தில் எங்கு பார்த்தாலும் அவர்தான். பி.ஜே.பி.க்கு வேறென்ன வேண்டும்? ஒடியா மானம் என்று கிளப்பினார்கள். பூரி ஜகந்நாதர் கோயிலின் நகைக் கருவூலமான ரத்ன பண்டாரத்தின் காணாமல்போன சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகப் பிரதமரே மேடையில் பேசினார். ஸ்டாலின் இங்கிருந்து கண்டித்தார். கேவலமான பேச்சு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் பாண்டியன் தமிழர் என்பது மட்டும்தானா? ஜனங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து மனு வாங்கினார். பதவியில் இருக்கும்போதே அப்படிச் சுற்றினார். அவர் ஒடியாவாகவே இருந்திருந்தாலும் கட்சிக்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். அவர் என் வாரிசல்ல என்று நவீன் சொல்லிப் பார்த்தார். வாரிசு யார் என்று சொல்லாதவரின் பேச்சை யார் கேட்பார்கள்? கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் பிள்ளைகளைக் கிட்டே சேர்க்கவில்லை. 2019இல் அக்காவுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது, தேர்தல் நேரத்தில் வாங்கினால் தப்பாகத் தெரியும் என்று அக்காவே மறுத்துவிட்டார். குடும்பத்தை இத்தனை சுத்தமாகத் தள்ளிவைத்ததில் காலியான நாற்காலியில் அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

முடிவு தெரிந்ததுதான்: பி.ஜே.பி. 78, பிஜு ஜனதா தளம் 51, மக்களவையில் பூஜ்யம். ஆனால் சட்டமன்ற ஓட்டு சதவீதத்தைப் பாருங்கள், 40.22க்கு 40.07. தோற்றவருக்குத்தான் கூடுதல். கால் நூற்றாண்டு ஆண்டவரை ஜனங்கள் தூக்கியெறிந்தார்கள் என்பது பாதி உண்மை.

சொந்தத் தொகுதியான ஹிஞ்சிலியில் முந்தைய தேர்தலில் அறுபதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்த நவீன், இந்த முறை 4,636இல் தப்பினார். இரண்டாவதாக நின்ற காந்தாபாஞ்சியில் 16,344 ஓட்டில் தோற்றார். அந்த ஊர் பலாங்கீர் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு செங்கல் சூளை வேலைக்கு ரயில் ஏறும் ஸ்டேஷன் அது. நம் திருவள்ளூர் சூளைகளில் கல் அறுப்பவர்களில் பலர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அங்கே அவரைத் தோற்கடித்த லக்ஷ்மண் பாக் லாரியில் கிளீனராக இருந்தவர். சட்டமன்றத்தில் முதல் நாள் பாக் எழுந்து வணக்கம் சொன்னபோது, என்னைத் தோற்கடித்தவர் நீங்கள்தானா என்று சிரித்தபடி கேட்டார் நவீன். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். அதில் இருப்பது டூன் பள்ளி மரியாதை, அரசியல்வாதியின் சாமர்த்தியம் இல்லை. புது முதல்வர் மோகன் சரண் மாஜிக்குக் குடியிருக்க அரசு வீடே இல்லை, அப்போதுதான் தேட வேண்டியிருந்தது. நவீன் 24 வருடமும் அப்பா கட்டிய நவீன் நிவாஸிலேயே இருந்துவிட்டதால் முதல்வர் இல்லம் என்று ஒன்று தயாராக இல்லாமல் போயிருந்தது.

உங்கள் பின்குறிப்புக்கு: நிஜம்தான். 1947 ஜூலை, டச்சுக்காரர்கள் ஜாவாவைத் தாக்கிய சமயம். நேரு கேட்டுக்கொண்டதன்பேரில் பிஜு டகோட்டா விமானத்தில் போய் சுதான் ஷாஹ்ரீரை சிங்கப்பூர் வழியாக டெல்லி கொண்டுவந்து சேர்த்தார். மனைவி ஞானும் விமானி, அவரும் கூடப் போனார் என்பார்கள். வீட்டில் நவீனுக்கு அப்போது ஒன்பது மாதம்.